தலையிடிக் குளிசை

சிறைச்சாலை
11.08.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

தம்பி இன்பாஸ் சலாம் சொல்லி எழுதுவது. உங்களுக்கும் நௌபர் மச்சானுக்கும் சனூஸாவுக்கும் உம்மாவுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும். நான் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மிச்சத்தைப் படித்துவிட்டு "இவன் எங்க சுகமா இரிக்கான்" என்று நீங்கள் கத்தக் கூடாது.

கம்பெனிக்காரர்கள் போனில் சொல்லியிருப்பார்கள். லீவு முடிந்து வந்திறங்கிய அன்றே எயார்போட்டில் என்னைப் பிடித்துவிட்டார்கள். தூளும் இல்லை, தங்கமும் இல்லை. என் தலையிடிக் குளிசைதான். சூட்கேஸில் இருந்த டொபி டின்னைத் திறந்தார்கள். டின் நிறையப் பேரில்லாத குளிசை. "என்ன இது?" என்றார்கள். ஒற்றைத் தலையிடிக்கு என்றேன். "குளிசை அடைத்து வந்த கார்ட் எங்கே? டொக்டர் எழுதிய துண்டு எங்கே?" என்றார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. ஆறு மாதத்துக்கென்று கொண்டு வந்தது, பார்க்கிறவனுக்குக் கடை வைக்கிற அளவாகத் தெரிந்திருக்கிறது. யார் டின்னில் போட்டது என்று கேட்டார்கள். நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போன் எடுக்க விடுவதில்லை. கடிதம் எழுதலாம். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் படித்த பிறகுதான் போகும், வரும். அவருக்கும் இதிலே என் சலாம்.

ராத்தா, அந்த மருந்துக்கு டொக்டர் எழுதிய துண்டு ஒன்று வேண்டும். கெதியாகத் தேடுங்கள். உம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தலையிடி இங்கு வந்தபிறகு ஒருநாளும் வரவில்லை.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
இன்பாஸ்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை
02.09.2024

என் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ராத்தா ஸஹ்ரா எழுதுவது. நாங்கள் எல்லாரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். உன்னையும் அவன் காவலில்தான் விட்டிருக்கிறோம், வேறு யாரிடம் விடுவது?

உன் கடிதத்தைப் போஸ்ட்மன் கேற்றில் நின்று உயர்த்திக் காட்டியதில் ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. இந்தக் காலத்தில் ஆரடா கடிதம் எழுதுகிறார்கள்! "தம்பி அங்க போன் இல்லாத இடத்தில வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

உம்மா ஆயிரம் சலாம் சொல்லச் சொன்னா. கால் வீக்கம் வற்றியிருக்கிறது. உன்னைக் குளிசைக்காகப் பிடித்தார்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து பிறஷர் குளிசையைக் கையில் கொடுத்தால் வாசலைப் பார்க்கிறா. "மகள், இதுக்கும் பொலிஸ் வருமா?" என்று கேட்கிறா. நான் பக்கத்தில் நின்று, விழுங்கிய பிறகுதான் நகருகிறேன். மச்சான் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் இறக்குகிற வேலையில் இருக்கிறார். சனூஸா ஏ.எல். சோதினைக்குப் படிக்கிறாள். மாமாவுக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

(தாளின் பின்பக்கம்)

நீ ஏன் நான்தான் போட்டேன் என்று சொன்னாய்? போட்டது நான். அதிகாரி படித்தால் படிக்கட்டும். கார்ட்டிலிருந்து குளிசைகளைக் குத்தி எடுத்து டின்னில் போட்டது ஏன் என்று உனக்குத் தெரியும். வெறும் கார்ட்டைக் காட்டினால்தானே பார்மசியில் அபூதாஹிர் காக்கா அடுத்த முறை மருந்து தருவார்? எங்கள் வீட்டில் எந்த மருந்துக்குத் துண்டு இருக்கிறது? உம்மாவின் பிறஷருக்கும் வெறும் கார்ட், மச்சானின் வயிற்றெரிவுக்கும் வெறும் கார்ட். கார்ட்டையும் உன்னோடு அனுப்பிவிட்டால் மருந்தின் பேர் தெரியாமல் போகுமே என்று அலுமாரியில் பத்திரப்படுத்தினேன். பேர் உள்ளது இங்கே கிடக்கிறது. பேரில்லாதது உன்னோடு வந்து உன்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. யா அல்லாஹ், என் கையை என்ன செய்ய!

நீ ஓ.எல். படிக்கும்போது முதன்முதல் இந்த மருந்தை எழுதியவர் டொக்டர் பிரகலாதன். அவர் கனடாவுக்குப் போய் எத்தனையோ காலம். அந்தத் துண்டைக் கறையான் தின்றதோ என்னவோ, வீட்டைத் தலைகீழாகக் கொட்டியும் கிடைக்கவில்லை. கார்ட்டுகளை எல்லாம் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். காட்டு. இது தலையிடி மருந்துதான் என்று ஒரு குருடனுக்கும் விளங்கும்.

துஆவுடன்,
ராத்தா


சிறைச்சாலை
29.09.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதே எனக்குப் பாதிச் சுகம். மிச்சப் பாதி சுகத்தை உம்மா குளிசை போட்டால் தருவா என்று அவவிடம் சொல்லுங்கள்.

நீங்கள்தான் டின்னில் போட்டது என்று எழுதியதை அதிகாரி படித்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன் போலிருக்கிறது. எந்த ஊரோ தெரியாது, நான் முகத்தைக் கண்டதில்லை.

கார்ட்டுகளை லோயரிடம் கொடுத்தேன். அரசாங்கம் தந்த லோயர், அரபியும் கொஞ்சம் இங்கிலீஷும்தான். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது அந்த மருந்துதான் என்று நீ நிரூபிக்கத் தேவையில்லை. அதை லாப்பில் அவங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவாக இருப்பதுதான் குற்றம்" என்றார்.

விளங்கிய மட்டில் எழுதுகிறேன். குளிர்நாடுகளில் றை என்று ஒரு தானியம் விளையுமாம். மழை கூடினால் அதன் கதிரில் எலிப்புழுக்கை மாதிரிக் கறுப்பாக ஒரு பங்கசு வளருமாம். அதிலிருந்து எடுப்பதுதான் என் குளிசையில் இருக்கிற எர்கோட்டமின். அது தலைக்குள் இரத்தக் குழாயைச் சுருக்கித் தலையிடியை நிறுத்தும். அதே சாமானை வேறு மாதிரி உடைத்துச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்கிற போதைமருந்து செய்ய ஏலுமாம். அதைத் தாளில் ஊறவைத்து, முத்திரை அளவுக்கு வெட்டி நாக்கில் வைப்பார்களாம். சுவர் மூச்சு விடுவது தெரியுமாம், இல்லாத வெளிச்சமெல்லாம் தெரியுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ராத்தா. தலையிடி தொடங்க முன்னம் என் கண்ணுக்குள் நெளிநெளியாக வெளிச்சம் ஓடும் என்று சின்ன வயதில் சொல்வேனே, ஞாபகமா? இல்லாத வெளிச்சத்தை நிறுத்தத்தான் நான் குளிசை போடுகிறேன். இவர்கள் அதைக் காணத்தான் கொண்டு வந்தேன் என்கிறார்கள்.

என்னோடு இருக்கும் வல்லிபுரம் அண்ணை நம்ம கிளிவெட்டி ஆள். வயல்காரர், வேலைக்கு வந்த இடத்தில் லொறி மோதிய வழக்கில் உள்ளே இருக்கிறார். "எங்கட நெற்கதிரிலயும்தான் கறுப்பாப் பூஞ்சணம் வருது. உதிர்த்துப்போட்டுக் குத்திச் சோறாக்கித் தின்னுறம். ஒருத்தனுக்கும் ஒரு வெளிச்சமும் தெரியேல்ல" என்கிறார்.

லோயர் சொல்வது ஒன்றுதான். நான் வருமுன் டொக்டர் எழுதிய துண்டு இருந்தால் நாடு கடத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வழக்கு ஜனவரி கடைசியில். எப்படியாவது எடுத்து அனுப்புங்கள்.

தலையிடி இல்லை.

இன்பாஸ்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை
24.10.2024

என் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தலையிலிருந்து கால்வரை சுகமாக இருக்கவேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறோம். தலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறோம்.

பங்கசுக் கதையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பூஞ்சணம் புடிச்ச பாணையா என்ட புள்ளைக்கு அங்க குடுத்தாங்க?" என்று தொடங்கிவிட்டா. சனூஸா தன் பயோ புத்தகத்தை விரித்து, "இல்ல உம்மம்மா, பங்கசுல இருந்து மருந்து எடுக்கிற" என்று விளங்கப்படுத்தினாள். "மருந்தெண்டா ஏன்டி புடிச்ச?" என்று உம்மா கேட்டதும் சனூஸா புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

உன் மச்சானைப் பற்றியும் கேள். கப்பல் கோதுமையை அள்ளிக்கொண்டு நிற்கிறவர் குனிந்து குனிந்து கறுப்பு மணி தேடுகிறாராம். "ஒண்டுகூடக் கிடைக்கேல்ல, கிடைச்சா ஏறி மிதிப்பன்" என்கிறார். மேற்பார்வைக்காரர் இவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்தாராம். உம்மா சலாம் சொல்லச் சொன்னா. குளிசை போடுகிறா. இப்போது நான் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, கையில் கொடுத்தால் தானே விழுங்குகிறா.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

(தாளின் பின்பக்கம்)

துண்டு கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்! பாலையூற்றில் ஒரு தனியார் கிளினிக். பள்ளிக்கூடத்துக்கு, வேலைக்கு எல்லாம் மெடிக்கல் எடுப்பது அங்கேதான். டொக்டர் முன்கூட்டியே கையெழுத்து வைத்த வெறுந்தாள் கிளார்க் பிள்ளையிடம் கட்டாக இருக்கிறது. நான் அழுததைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கும் கண் கலங்கிவிட்டது. "தம்பி எப்ப ஊருக்கு வந்தவர்?" என்று கேட்டாள். "ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாளைக்கு முன்னம்" என்றேன். பெருநாளுக்கு முந்தின கிழமைக்குத் திகதி போட்டு, மருந்தின் பேரையும் ஆறு மாதத்துக்கு என்றும் அழகாக எழுதித் தந்தாள். பொய்யில்லையே தம்பி, உனக்குத் தலையிடி உண்மை, மருந்து உண்மை. திகதி மட்டும்தானே.

பக்கத்து வீட்டு அர்ஷாக் வருகிற கிழமை அங்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். லோயரின் ஒபிசில் நேரே கொடுப்பான். சூட்கேஸுக்கு இடம் பார்த்து வை.

துஆவுடன்,
ராத்தா


சிறைச்சாலை
24.11.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்தையும் நினைத்தபடி எழுதுகிறேன். மச்சான் கறுப்பு மணி தேடிய கதையை வல்லிபுரம் அண்ணைக்கு வாசித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரித்துக் கனநாள்.

திகதிக் கதையையும் அதிகாரி படித்திருப்பார், கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். அர்ஷாக் துண்டைக் கொடுத்துவிட்டான். லோயர் வந்து காட்டினார். நான் கையெழுத்து வைத்தால்தான் கோட்ஸில் போடுவாராம். ஜனவரி முதல் கிழமையில் கையெழுத்து எடுக்க வருவார். அதுவரை அவர் மேசையில் இருக்கும்.

இங்கே ஒரு புதுச் சட்டம். இனிமேல் கடிதத்தைக் கையில் தரமாட்டார்கள். அந்த எல்.எஸ்.டி.யை வெளியிலிருந்து கடிதத்தாளில் ஊறவைத்து அனுப்புகிறார்களாம். அதனால் வருகிற கடிதத்தை வைத்துக்கொண்டு போட்டோக் கொப்பிதான் தருவார்கள். என் வழக்கும் அதே சாமான் என்பதால் என் கடிதங்களை இன்னும் கவனமாகப் பார்ப்பார்களாம். உங்கள் ஒக்டோபர்க் கடிதம்தான் என் கையில் கிடைத்த கடைசி உண்மைத் தாள். அதில் நம்ம குசினிக் கறி வாசம் இருந்தது, ராத்தா. மூக்கில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். பார்க்கிறவன் நான் அதிலேதான் போதை ஏற்றுகிறேன் என்று நினைப்பான்.

ஒரு ஆசை. வழக்குக் கதை போதும். வீட்டுக் கதையை நிறைய எழுதுங்கள். ஆர் வந்தது, என்ன சமைத்தது, கடல் எப்படி என்று எல்லாம். வாசிக்கிற நேரம் நான் வீட்டில் இருப்பேன்.

தலையிடி வருவதில்லை. இங்கே இரவிலும் லைட்டை அணைப்பதில்லை, அது மட்டும் கொஞ்சம் கரைச்சல்.

இன்பாஸ்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை
12.12.2024

என் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். எடுத்த எடுப்பில் எழுத ஒன்று இருக்கிறது. ஆனால் உம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, "முதல்ல சலாத்தையும் சுகத்தையும் எழுது. வாசல்ல வந்து நிக்கிற புள்ளைக்கித் தண்ணி குடுக்க முன்னம் கதை சொல்லுறயா?" என்று பேனையைப் பிடித்து நிறுத்துகிறா. நீயும் வீட்டுக் கதை கேட்டாய். சரி, கேள்.

மழை விடாமல் பெய்கிறது. மூதூர் வள்ளம் இரண்டு நாள் ஓடவில்லை. மச்சான் எங்கேயோ பாரைமீன் வாங்கிக்கொண்டு வந்தார், புளியாணம் காய்ச்சினேன். உன் சோற்றுக் கோப்பையையும் வைத்துவிட்டேன், கை பழகிய பழக்கம். சனூஸா அதைப் பார்த்துவிட்டு அதிலேயே போட்டுச் சாப்பிட்டாள். சோதினை நடக்கிறது. பங்கசுக் கேள்வி வந்தால் முழுப் புள்ளியும் தனக்குத்தான் என்கிறாள். கூரை குசினிப் பக்கம் ஒழுகுகிறது, நீ வந்து ஓடு மாற்றும்வரை வாளி வைத்திருக்கிறோம். உன் அறையில் சனூஸாவைப் படிக்க விட்டிருக்கிறோம், உன் சேட்டுகளைத் தொடவில்லை. பூனை குட்டி போட்டது உன் கட்டிலுக்குக் கீழே.

உம்மா சலாம் சொல்லச் சொன்னா. நீ வந்ததும் உனக்குப் பெண் பார்க்கப் போகிறாவாம். கிண்ணியாவில் ஒரு பிள்ளை இருக்கிறதாம், தலையிடி இல்லாத பிள்ளை. ஒரு வீட்டுக்கு ஒரு தலையிடி போதும் என்கிறா.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

(தாளின் பின்பக்கம்)

தம்பி, அந்தத் துண்டில் கையெழுத்து வைக்காதே! அல்லாஹ்வுக்காக வைக்காதே!

நேற்று அலுமாரி துடைக்கும்போது ஒரு ஸம்ஸம் தண்ணிப் போத்தல் கையில் பட்டது. ஆர் தந்தது என்று யோசித்தேன். பாலையூற்று டொக்டர் தந்தது. அவர் இந்த வருஷம் ஹஜ்ஜுக்குப் போனவர். பெருநாளுக்கு முந்தின கிழமை அவர் மக்காவில் நின்றிருக்கிறார். அவர் வந்ததும் ஊரே போய்க் கைகொடுத்து முஸாபஹா செய்தது. நானும் போனேன். அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை நானும்தான் தின்றேன். தின்றுவிட்டு அந்தத் திகதியை என் கண்ணுக்கு முன்னால் எழுத விட்டேன். கிளார்க் பிள்ளை புதுசு, அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே! என் மூளை எங்கே போனது?

டொக்டரின் பாஸ்போட்டைப் பார்த்தால் பொய் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். லோயரின் நம்பருக்கு அடித்தால் அரபியில் ஒரு ரெக்கோர்டிங் மட்டும் பேசுகிறது. அர்ஷாக்கை இரண்டு தரம் அனுப்பினேன், லோயர் லீவாம், வேறு ஆள் கதைக்க ஏலாதாம். ஆகவே உன் கையில்தான் இருக்கிறது. கையெழுத்து வைக்காமல் விட்டால் அந்தத் தாள் செத்த தாள்.

டொக்டர் பிரகலாதனின் மகளை சனூஸா பேஸ்புக்கில் பிடித்துவிட்டாள். அவர் உன்னை மறக்கவில்லை. உண்மைக் கடிதம் எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். அது வரும்வரை பொறு.

ராத்தா


சிறைச்சாலை
09.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

சலாம். இந்த மாதிரி ஒரு கடிதத்துக்காக இன்னும் ஒரு வருஷம் உள்ளே இருக்கலாம் போலிருந்தது. சும்மா சொன்னேன், சத்தம் போடாதீர்கள். புளியாணம், கூரை, பூனைக்குட்டி எல்லாவற்றையும் வல்லிபுரம் அண்ணைக்கும் வாசித்துக் காட்டினேன். கொப்பி கொஞ்சம் மங்கல்தான், ஆனால் வாசிக்க ஏலும்.

உம்மாவிடம் சொல்லுங்கள், கிண்ணியாப் பிள்ளைக்கு எனக்குச் சம்மதம்.

நேற்று லோயர் வந்தார், துண்டில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். நல்ல துண்டு என்றார். முதன்முறையாகக் கை கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் உங்கள் பாடு, ராத்தா. இன்ஷா அல்லாஹ் நோன்புக்கு முன்னம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். "இனி விஷயத்துக்கு வருகிறேன்" என்று எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்களே, என்ன விஷயம்? உம்மா கூப்பிட்டாவா, கறி அடிப்பிடித்ததா? சனூஸாவுக்கு ஆராவது கேட்டு வந்தார்களா? எழுதுங்கள், யோசித்து யோசித்து எனக்கு நித்திரை வரவில்லை.

உங்கள் தம்பி
இன்பாஸ்


திருகோணமலை
30.01.2025

இன்பாஸ்,

சலாம் இல்லை, சுகம் இல்லை. முதல் வரியிலேயே விஷயம். அந்தத் துண்டு பொய்த் துண்டு. திகதியில் டொக்டர் மக்காவில் இருந்தவர். உடனே லோயரிடம் சொல்லித் திருப்பி எடு. என் ராத்தா தந்தது, எனக்குத் தெரியாது என்று சொல். என்னைப் பிடிக்கட்டும். டொக்டர் பிரகலாதனின் உண்மைக் கடிதம் கனடாவிலிருந்து லோயரின் ஒபிசுக்குப் போயிருக்கிறது. அதைக் கேள்.

டிசம்பரில் எழுதினேன் தம்பி. தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். உனக்கு முன்பக்கத்தை மட்டும்தான் கொப்பி எடுத்துத் தந்திருக்கிறார்கள். பூனைக்குட்டியை முன்பக்கத்தில் எழுதிவிட்டு உன் உயிரைப் பின்பக்கத்தில் எழுதினேனே!

இது ஒரு பக்கம் மட்டும்.

ராத்தா


கிளிவெட்டி
06.04.2025

மதிப்புக்குரிய ஸஹ்ரா தங்கச்சிக்கு,

வணக்கம். நீங்கள் எல்லாரும் நலமாயிருக்க வேண்டும். நான் வல்லிபுரம், உங்கள் தம்பியோடு உள்ளே இருந்தவன். நோன்பு மாதத்தில் மன்னிப்புக் கொடுத்து எங்கள் கொஞ்சப்பேரை விட்டார்கள். வந்து ஒரு கிழமை. கிளிவெட்டிக்கும் திருகோணமலைக்கும் பெரிய தூரமில்லை, நேரில் வந்திருக்க வேண்டும். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அங்கிருந்து எழுத ஏலாததை இங்கிருந்து எழுதலாம்.

உங்கள் ஜனவரிக் கடிதம் தீர்ப்புக்குப் பிறகுதான் அவர் கையில் கிடைத்தது. கோட்ஸில் அந்தத் துண்டை விசாரித்துவிட்டார்கள். டொக்டர் ஹஜ்ஜுக்கு அங்கே வந்திறங்கிய திகதி அவர்களுடைய கம்பியூட்டரிலேயே இருந்ததாம். கனடாக் கடிதமும் வந்ததாம், ஆனால் ஒரு பொய் கொடுத்தவனின் அடுத்த தாளை ஆர் பார்ப்பார்கள்? குளிசைக்கு மட்டும் என்றால் நாடு கடத்தியிருப்பார்கள் என்று லோயர் சொன்னவர். இரண்டுக்கும் சேர்த்து ஏழு வருஷம். "துண்டு ஆர் தந்தது?" என்று நீதவான் கேட்டதற்கு, "நானே செய்வித்தது" என்றிருக்கிறார். உங்கள் பேரை எடுக்கவேயில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலையிடி இல்லை என்று எழுதுவார், நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அது பொய். கிழமையில் இரண்டு தரம் வரும். லைட் அணைக்காத இடம், கத்திக் கதைக்கிற சனம். ஈரத் துவாயைக் கண்ணில் கட்டிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடப்பார். சத்தி எடுப்பார். தாங்க ஏலாத நேரம் தலையைச் சுவரில் அடிப்பார், நான் என் உள்ளங்கையை இடையில் வைப்பேன். மருந்துக்காரர் பனடோல் தருவார். அந்த மருந்துதான் வேண்டும் என்று கேட்க ஏலுமா? அதைக் கேட்டால் இன்னொரு வழக்கு. இப்போது என் கையும் அங்கே இல்லை, தங்கச்சி.

உங்களை ஒரு சொல் குறை சொன்னதில்லை. உங்கள் கொப்பிகளை எடுத்து வைத்து, முன்பக்கத்தை வாசித்துவிட்டு, பின்பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே சொல்லுவார். "இதில ராத்தா என்னை ஏசியிருப்பா அண்ணை" என்பார்.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இங்ஙனம்,
வல்லிபுரம்


சிறைச்சாலை
20.04.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

பெருநாள் சலாம், பிந்தித்தான் சொல்ல முடிகிறது. அழுதிருப்பீர்கள். போதும். நீங்கள் என்னைக் கெடுக்கவில்லை, நினைக்கவும் வேண்டாம். எனக்கு எழுதத்தெரிந்த ராத்தா ஒருத்தி இருக்கிறா என்று இங்கே எல்லாருக்கும் பொறாமை.

ஒன்றே ஒன்றுதான். உம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு வருஷம் என்றதைச் சொல்லாதீர்கள், ஒரு வருஷம் என்று சொல்லுங்கள். பிறகு இன்னொரு வருஷம் என்று சொல்லலாம். வாசலில் அவ நிற்கிறா என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன். அவவின் சலாம் இல்லாத கடிதம் மட்டும் எனக்கு அனுப்பிவிடாதீர்கள்.

தலையிடி இப்போது அறவே இல்லை.

இன்பாஸ்


உட்துறைமுக வீதி,
திருகோணமலை
18.05.2025

என் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு இரவும் பகலும் துஆ.

தலையிடி இல்லை என்று எழுதியது பெரிய நிம்மதி. அந்தப் பொல்லாத குளிசை இல்லாமலே சுகமாகிவிட்டது பார்! சனூஸாவுக்கு றிசல்ட் வந்துவிட்டது, பயோவில் ஏ. "மாமாட பங்கசு கைகொடுத்துட்டு" என்றாள். பூனைக்குட்டிகளில் ஒன்றைத்தான் வைத்திருக்கிறோம், கறுப்பு. மச்சான் அதற்கு உன் மருந்தின் பேரை வைக்கப் பார்த்தார், நான் அகப்பையை எடுத்தேன். கடல் அமைதி. நெத்தலி மலிவு.

உம்மா ஆயிரம் சலாம் சொல்லச் சொன்னா. ஒரு வருஷம் என்று சொல்லியிருக்கிறோம். "ஒரு வருஷமென்ன, கண்ணை மூடித் திறக்க ஓடிடும்" என்கிறா. கிண்ணியாப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் முடிவாகவில்லையாம், அந்தப் பேச்சை விடவில்லை.

எல்லாவற்றையும் இந்தப் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். பின்பக்கம் வெறும் தாள். யோசித்துக்கொண்டு நித்திரையைக் கெடுக்காதே.

துஆவுடன்,
உன் ராத்தா

(தாளின் பின்பக்கம்)

இதைப் படிக்கிற ஐயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், அல்லது வணக்கம். நீங்கள் யாரென்று தெரியாது. சுகமாக இருங்கள். என் தம்பி முதல் கடிதத்தில் உங்களுக்குச் சலாம் எழுதினான். அதைத் தவிர உங்களை எனக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் அவனுக்குப் போகாது, உங்களுக்கு மட்டும்தான் வரும். டிசம்பரில் நான் பின்பக்கத்தில் கத்தியதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். கொப்பி எடுக்கிறவர் வேறு ஆளாக இருக்கலாம். சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வர எனக்கு இப்போது பெலமும் இல்லை.

எங்கள் உம்மா மே மூன்றாம் திகதி மவுத்தாகிவிட்டா. பிறஷர் கூடி மூளையில் இரத்தம் என்றார்கள். ஒழுங்காகக் குளிசை போடுகிறா என்றுதான் நம்பியிருந்தேன். மையத்தை அடக்க எடுத்துப்போன பிறகு தலையணையை உதறினேன். உறைக்குள்ளிருந்து குளிசைகள் கொட்டின. ஒவ்வொரு நாளும் விழுங்காமல் ஒளித்து வைத்திருக்கிறா. குளிசை வைத்திருந்தால் பிடிப்பார்கள் என்று பயம் ஐயா, மகனைப் பிடித்த மாதிரி. பேரில்லாத வெள்ளைக் குளிசைகள்தான். கார்ட்டிலிருந்து குத்தி எடுத்து அவவின் கையில் கொடுத்தது நான்தான்.

அவன் உம்மாவின் சலாம் இல்லாமல் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். ஆகவே இனி ஒவ்வொரு கடிதத்திலும் உம்மாவின் சலாம் வரும். அது பொய் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்துவிடாதீர்கள்.

என்றைக்காவது சொல்லத்தான் வேண்டிவந்தால் நீங்களே சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். தலையிடி இல்லாத ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவனிடம் கேட்டால் என்றைக்கும் இல்லை என்றுதான் சொல்லுவான், நீங்கள் அவன் கண்ணைப் பாருங்கள்.

ஸஹ்ரா